பாதிப் பணம் தராவிட்டால் எதிர்மறைப் பின்னூட்டம் எழுதுவேன் என்கிறார்: ஏலத்தில் விற்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கிராணிவீட்டு மகள் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். ஈபே தளத்தில் பழைய தபால்தலைகளை ஏலத்துக்கு விடத் தொடங்கி எனக்கு ஓராண்டுதான் ஆகிறது. இதுவரை 23 பேர் நல்ல பின்னூட்டம் எழுதியிருந்தார்கள். சென்ற மாதத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிக்கல்கள் வந்துவிட்டன. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா எங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக, வேலை செய்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் முதலில் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் பிரித்துக் கொடுக்கப்படும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அப்பாவே வாசித்துக் காட்டுவார். அவர்களும் உறையில் இருந்த தபால்தலையை வெட்டி அவரிடமே கொடுத்துவிடுவார்களாம். அப்படிச் சேர்ந்தவற்றோடு, தாத்தா காலத்திலிருந்து வந்த பயன்படுத்தப்படாத தபால்தலைகளும் பிஸ்கட் தகர டப்பாக்களில் இருந்தன. அப்பா தவறிய பிறகு, வீட்டில் யாருக்கும் சேகரிக்கும் ஈடுபாடு இல்லாததால், அவருக்கு மிகவும் பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்று மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குச் சேர்த்து வருகிறேன்.

முதல் சிக்கல் இதுதான். 1945-இல் ஜப்பானியர் போன பிறகு, நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின்) தபால்தலைகள் மீது 'பிஎம்ஏ மலாயா' என்று மேலச்சிட்டு பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வெளியிட்டவற்றில் ஒரு தொகுப்பை 7 நாள் ஏலத்தில் விட்டேன். 140 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) போனது. "புதியது, பசையுடன் உள்ளது" என்று அறிவிப்பில் எழுதியிருந்தேன். பொருள் கைக்குக் கிடைத்த மறுநாளே வாங்கியவர் செய்தி அனுப்பினார். பின்புறத்தில் ஒட்டுத்தாள் (ஏட்டில் ஒட்டி வைக்கப் பயன்படும் சிறு தாள்) தடம் இருக்கிறதாம், இரண்டில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவாம், 70 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் எதிர்மறைப் பின்னூட்டம் எழுதிவிடுவாராம். எண்பது ஆண்டுப் பழமை உள்ள காகிதம் நேற்று அச்சடித்தது போலவா இருக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. பதில் எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன்.

இரண்டாவது, 1968-இல் கோலாலம்பூரில் நடந்த இயற்கை ரப்பர் மாநாட்டுக்காக வெளியான, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி உள்ள தொகுப்பைப் பற்றியது. ஏலத்தில் வென்றவர் பணம் கட்டவில்லை. "அடுத்த வாரம் கட்டுகிறேன்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினார், பிறகு சத்தமே இல்லை. இன்றோடு ஒன்பது நாள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு, பணம் கட்டிய மறுநாளே எங்கள் ஊர் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். வழியில் தாமதமாகிவிட்டது. 25-ஆம் நாள் அவர் "பொருள் வரவில்லை, ஏமாற்றுக்காரர்" என்று எழுதிவிட்டார். 31-ஆம் நாள் பொருள் போய்ச் சேர்ந்ததாகக் கண்காணிப்புப் பக்கம் காட்டுகிறது. அதன்பின் அவர் எதையும் மாற்றவில்லை. அப்பா நாற்பது ஆண்டு கணக்கு எழுதி ஒரு காசு தவறாமல் ஒப்படைத்தவர். அவருடைய பொருளை விற்கும் இடத்தில் அந்தச் சொல் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. நானும் அவருக்கு எதிர்மறையாக எழுதலாம் என்று பார்த்தால், அதற்கான இடமே திரையில் இல்லை. நான் ஏதாவது தவறாகத் தேடுகிறேனா? இங்கே மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்க வழி உண்டா?

---

உறையும் முத்திரையும் (தைப்பிங்):

வணக்கம் அம்மா. நான் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். முப்பது ஆண்டுகளாகத் தபால்தலை சேகரிக்கிறேன், பத்தாண்டுகளாக இணையத்தில் வாங்கவும் விற்கவும் செய்கிறேன்.

நீங்கள் தேடிய இடத்தை அவர்கள் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2008 மே மாதத்திலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறையாகவோ நடுநிலையாகவோ எழுத முடியாது. நல்ல பின்னூட்டம் கொடுக்கலாம், அல்லது ஒன்றும் கொடுக்காமல் விடலாம். நீ எழுதினால் நானும் எழுதுவேன் என்று இரு பக்கமும் பழி வாங்கிக்கொண்டிருந்ததால், உண்மையாகவே ஏமாந்தவர்கள்கூட வாய் திறக்கப் பயந்தார்கள் என்பது அந்த மாற்றத்துக்குக் காரணம். நல்ல பின்னூட்டம் என்று குறித்துவிட்டு உள்ளே திட்டி எழுதுவதும் விதிக்குப் புறம்பானது. அதை முயல வேண்டாம்.

தீர்ப்பாயத்தையும் மறந்துவிடுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தத் தீர்ப்பாயம், பொருள் வாங்கியவர் விற்றவர் மீது வழக்குக் கொண்டுவரும் இடம். விற்றவர் வாங்கியவர் மீது அங்கே போக முடியாது.

இனி மூன்றாவது சிக்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு உண்டு. பின்னூட்டம் பதிவான 30 நாட்களுக்குள் அதைத் திருத்தும்படி தளத்தின் வழியாகவே கோரிக்கை அனுப்பலாம். அதற்குப் பதில் சொல்ல வாங்கியவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. ஒரு விற்பனைக்கு ஒரு முறைதான் கோர முடியும், உங்களைப் போன்ற சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு ஐந்து கோரிக்கைகள்தான். ஆகவே கோபமாக ஒரு வரி எழுதி அந்த ஒரே வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள். அஞ்சலகத்தில் சேர்த்த தேதி, மலேசியப் பதிவுத் தபாலுக்குரிய 'எம்ஒய்' என்று முடியும் கண்காணிப்பு எண், போய்ச் சேர்ந்த தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். "இத்தனை நாள் காத்திருக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன், இப்போது பொருள் கிடைத்திருப்பதால் தங்கள் கருத்தைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

அவர் மாற்றாவிட்டால் அந்தப் பின்னூட்டத்தின் கீழேயே நீங்கள் பதில் எழுதலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எழுதியவருக்குப் பதில் சொல்வதாக நினைத்து எழுதுகிறார்கள். அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கப் போவதே இல்லை. நாளைக்கு உங்களிடம் ஏலம் கேட்கலாமா என்று தயங்கி நிற்கும் ஒருவர்தான் அதை வாசிப்பார். அவருக்கு நீங்கள் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும். ஆகவே "பணம் கட்டிய மறுநாளே பதிவுத் தபாலில் சேர்க்கப்பட்டது, 31-ஆம் நாள் ஒப்படைக்கப்பட்டதாகக் கண்காணிப்பு காட்டுகிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதினால் போதும். 'ஏமாற்றுக்காரர்' என்ற சொல்லுக்கு அந்தத் தேதிகளே பதில். முதலில் திருத்தக் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அதன் முடிவு தெரிந்த பிறகு இந்தப் பதிலை எழுதுங்கள். முன்னதாகவே பொதுவில் சூடாக எழுதிவிட்டால் மனம் மாறக்கூடியவரும் மாற மாட்டார்.

எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடந்த 12 மாதங்களில் வந்த நல்லவையும் எதிர்மறையும்தான் விழுக்காட்டுக் கணக்கில் வரும். 23 நல்லவைக்கு ஒரு எதிர்மறை என்றால் 95.8 விழுக்காடு. அது 49-க்கு ஒன்றாகும்போது 98 ஆகிவிடும். ஓராண்டு கடந்தால் இந்த ஒன்று கணக்கிலிருந்தே விலகிவிடும்.

பணம் கட்டாதவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு நாட்கள் முடிந்தால், வாங்கியவர் பணம் கட்டவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து விற்பனையை நீங்களே ரத்து செய்யலாம். 'பொருள் இல்லை' என்ற காரணத்தைத் தவறியும் அழுத்திவிடாதீர்கள், குற்றம் உங்கள் பேரில் வந்துவிடும். சரியான காரணத்தோடு ரத்து செய்தால், அவர் உங்களைப் பற்றி எழுதினாலும் அது நிற்காது. அடுத்ததாக அதிகம் கேட்டவருக்கு, அவர் கேட்ட உச்ச விலையிலேயே இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம். ரப்பர் மாநாட்டுத் தொகுப்பு என்றால் இன்னொருவர் நிச்சயம் காத்திருப்பார்.

70 வெள்ளி கேட்பவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அறிவிப்பில் தபால்தலைகளின் பின்புறத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தீர்களா?

---

பித்தளை விளக்கு (கூலிம்):

தங்கச்சி, உங்கள் எழுத்தைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவெல்லாம் வந்தது. நான் பித்தளைப் பாத்திரங்களும் அடுக்குக் கேரியர்களும் விற்கிறேன். ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான், என்றாலும் பணம் கேட்பவரின் விஷயத்தில் என் வழக்கம் வேறு. முப்பது வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்றால் நான் வாதாடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு பாத்திரத்தைத் துலக்கி, படம் எடுத்து, வைக்கோலும் காகிதமும் திணித்துக் கட்டி அஞ்சலகத்துக்குத் தூக்கிப் போகும் நேரத்தில், ஒருவரோடு பத்து நாள் செய்தி அனுப்பிச் சண்டை போடுவது கட்டுப்படியாகாது. 70 வெள்ளி என்பது பெரிய தொகைதான், ஆனாலும் மன அமைதிக்காகக் கொடுத்துவிடலாமே என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கோபமூட்டும் செய்தி வந்தால் நான் அன்றைக்குப் பதில் எழுதுவதே இல்லை. இரவு சமையல் வேலையெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரரிடம் அந்தச் செய்தியை உரக்க வாசித்துக் காட்டுவேன். திரையில் படித்தபோது மிரட்டலாகத் தெரிந்தது, உரக்க வாசிக்கும்போது பெரும்பாலும் ஏமாற்றமடைந்த ஒருவரின் குறையாகக் கேட்கும். மொழி சரியாக வராமல் கடுமையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழி அல்லவா?

---

கிராணிவீட்டு மகள் (சுங்கை சிப்புட்):

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பணம் கட்டாதவரின் விற்பனையை இன்று காலையே ரத்து செய்துவிட்டேன். திருத்தக் கோரிக்கையை ஐயா சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

ஐயாவின் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். பின்புறத்தைப் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. முத்திரை குத்தப்படவில்லை, பசை இருக்கிறது, ஆகவே 'புதியது' என்று எழுதிவிட்டேன். நேற்று இரவு டப்பாவில் மீதமிருப்பவற்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் சிறிய சதுரத் தடம் தெரிகிறது. தாத்தா அவற்றை ஏட்டில் ஒட்டி வைத்திருந்திருக்கிறார் போலும். வாங்கியவர் சொன்ன பழுப்புப் புள்ளிகளும் இவற்றில் இருக்கின்றன. எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்ததால் முன்பு தெரியவில்லை.

---

உறையும் முத்திரையும் (தைப்பிங்):

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி அம்மா. இப்போது வழி தெளிவாகிவிட்டது.

தபால்தலை வாங்குகிறவர்கள் 'புதியது' என்ற சொல்லோடு நிற்பதில்லை. ஒட்டுத்தாள் படாதது, பட்டது என்று இரண்டாகப் பிரிப்பார்கள். விலை அதைப் பொறுத்தே ஏறி இறங்கும். பசை முழுமையாக இருந்தும் ஒட்டுத்தாள் தடம் இருந்தால் அது இரண்டாம் வகைதான். பழுப்புப் புள்ளியோ நம் நாட்டின் சாபம். தகரக் கூரையின் கீழ், மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் ஊரில், பல ஆண்டுகள் மூடிக் கிடந்த காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். குளிர்நாட்டில் சேகரிக்கிறவர் அதைக் கண்டால் மிகவும் அஞ்சுவார், ஏனென்றால் அது தன் ஏட்டில் உள்ள மற்றவற்றுக்கும் பரவிவிடும் என்று நினைப்பார். ஆகவே அவர் சொன்ன குறை பொய்யல்ல. அதைச் சொன்ன விதம்தான் தவறு.

இந்த இரண்டையும் பிரித்துக் கையாளுங்கள். அறிவிப்பில் இல்லாத கூடுதல் பொருளையோ சலுகையையோ கேட்டு, தராவிட்டால் எதிர்மறை எழுதுவேன் என்று வாங்குகிறவர் மிரட்டுவதைத் தளத்தின் விதி தடுக்கிறது. அந்த மிரட்டல் தளத்தின் செய்திப்பெட்டியிலேயே இருந்தால் புகாரும் செய்யலாம். ஆனால் உண்மையான குறைக்குப் பணம் கேட்பது அந்த வகையில் சேராது. அறிவிப்போடு பொருள் ஒத்துவரவில்லை என்றால், திருப்பி எடுக்க மாட்டேன் என்று நீங்கள் அறிவிப்பில் எழுதியிருந்தாலும் வாங்கியவருக்குத் தளத்தின் பணப் பாதுகாப்பு உண்டு. அவர் முறைப்படி கோரிக்கை எழுப்பினால் 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கூலிம் சகோதரி சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனால் மிரட்டலுக்குப் பணிந்து பாதிப் பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. தொகையைக் கொடுத்த பிறகும் அவர் எழுத விரும்பினால் எழுதுவார், 60 நாட்கள் வரை அவருக்கு அந்த உரிமை உண்டு. "பணம் தருகிறேன், எதிர்மறை எழுதாதீர்கள்" என்று நீங்கள் பேரம் பேசினால், அதுவும் விதிமீறல்தான், இந்த முறை உங்கள் பக்கத்தில். பின்னூட்டம் என்ற சொல்லே உங்கள் செய்தியில் வரக்கூடாது.

என் ஆலோசனை இதுதான். குறையை ஒப்புக்கொண்டு, முழுப் பணத்தையும், திருப்பி அனுப்பும் தபால் செலவையும் தருவதாகச் சொல்லி, பொருளைத் திருப்பி அனுப்பக் கேளுங்கள். தபால்தலைகளை வைத்துக்கொள்ள விரும்பினால் எவ்வளவு குறைத்தால் நியாயம் என்று அவரே காரணத்தோடு சொல்லட்டும். பொருள் தேவையில்லாதவர் அனுப்பிவிடுவார். விலையைக் குறைக்க மட்டும் நினைத்தவர் 70-லிருந்து இறங்கி வருவார். எப்படியானாலும் நீங்கள் கொடுப்பது உங்கள் பிழைக்கான விலையாக இருக்கும். அவருடைய அச்சுறுத்தலுக்கு அதில் பங்கு இருக்காது.

மீதமுள்ளவற்றை விற்பதற்கு முன் ஒவ்வொன்றின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். தபால்தலையின் ஓரத்துப் பல்வரிசையில் ஒரு பல் குறைந்திருந்தாலும் எழுதுங்கள். ஜப்பானிய ஆட்சிக்கால மேலச்சு உள்ளவை டப்பாவில் இருந்தால் அவற்றை இப்போதைக்குத் தனியே எடுத்து வையுங்கள். அந்த மேலச்சுகளில் போலிகள் மிக அதிகம். தெரிந்த ஒருவர் பார்க்காமல் அசல் என்று எழுதினால் இதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

---

பித்தளை விளக்கு (கூலிம்):

ஐயா சொல்வது சரிதான். நான் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வேறு பெயரில் மீண்டும் வந்து அதேபோல் கேட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. தங்கச்சி, பொதியைக் கட்டும்போது கைப்பேசியில் படம் எடுத்து வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மழைக்காலத்தில் நெகிழி உறையும் போட்டு அனுப்புங்கள்.

---

கிராணிவீட்டு மகள் (சுங்கை சிப்புட்):

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடியே முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுதி, பின்புறத்தைப் படம் எடுக்காதது என் தவறு என்றும் சொன்னேன். அவர் தபால்தலைகளை வைத்துக்கொள்வதாகவும், புள்ளி உள்ள இரண்டுக்கு மட்டும் 25 வெள்ளி குறைத்தால் போதும் என்றும் பதில் எழுதினார். தன் தந்தை போருக்குப் பிறகு ஈப்போவில் பணியாற்றியவர் என்றும், அதனால்தான் அந்தத் தொகுப்பைத் தேடியதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார். தொகையை அன்றே அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பின்னூட்டம் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

'ஏமாற்றுக்காரர்' என்று எழுதியவரிடமிருந்து பதில் இல்லை. பத்து நாள் முடியட்டும் என்று காத்திருக்கிறேன். பதிலுக்கு எழுத வேண்டிய வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், தேதிகளோடு. ரப்பர் மாநாட்டுத் தொகுப்பை இரண்டாவதாகக் கேட்டவர் வாங்கிக்கொண்டார். அதை நாளை காலை அஞ்சலகத்தில் சேர்க்க வேண்டும்.